எழுத்தில் இல்லாத நோய்

தேவராஜா வாழ்நாளில் உறுதியாக நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். கடவுளை அல்ல; கடவுளோடு அவருக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் பேச்சு. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்கச் செயலகத்தில், காணிப் பிரிவுக் கிளாக்கராகவே காலம் கழித்தவர், எழுத்தில் இருப்பது இருக்கிறது, எழுத்தில் இல்லாதது இல்லை என்று நம்பினார். பரம்பரையாகக் காணியை உழுதவன் மேசைக்கு முன்னால் நின்று அழுதாலும், கோப்பில் பெயர் இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்ய, தம்பி?" என்பார். இரக்கமில்லாத மனிதர் என்று சொல்லிவிட முடியாது. கச்சேரி அவரை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. அந்தப் பழக்கம் மெல்பேணிலும் அவரை விடவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே மகள் மிருணாளினி அவரை மெல்பேணின் புறநகரான ரோவில்லுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நிரந்தர விசாவுக்கு நிற்கும் வரிசை அவருடைய மிச்ச ஆயுளைவிட நீளம் என்பதால், சில வருடங்களுக்கான தற்காலிகப் பெற்றோர் விசாதான் கிடைத்தது. அந்த விசாக்காரருக்கு அரசாங்கத்தின் பொது மருத்துவத் திட்டமான மெடிகெயார் கிடையாது. சொந்தச் செலவில் தனியார் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். மருமகன் பிரசன்னா ஒரு வார இறுதி முழுக்கக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, உள்ளதில் மலிவானதைத் தேடிப் பிடித்தான். மலிவானதோ விலை கூடியதோ, அவன் பார்த்த எல்லாவற்றிலும் ஒரு விதி மாறவில்லை: காப்புறுதி எடுக்க முன்பே இருந்த நோய்க்கு முதல் பன்னிரண்டு மாதம் எதுவும் தரமாட்டார்கள்.

"மாமா, உங்களுக்குப் பழைய வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டான்.

"எனக்கென்ன வருத்தம்? கல்லுமாதிரி இருக்கிறன்."

அது முழுப்பொய் அல்ல. விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் பரிசோதனை முடிந்து, விமானம் ஏறுவதற்குச் சில நாள் இருக்கையில், ஒரு காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. உடம்புச் சூடு என்று தேவராஜா தீர்ப்புச் சொன்னார். இளநீர் குடித்தார், நல்லெண்ணெய் வைத்து முழுகினார், நின்றுவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இந்தச் சூடு ஒரு பெரிய வசதி. உடம்பில் எது வந்தாலும் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆளே போகும் வரைக்கும் இருக்கலாம்.

ரோவில்லுக்கு வந்து குளிர் தொடங்கிய நேரம் அந்தச் சிவப்பு திரும்பி வந்தது. இங்கே இளநீர் டின்னில் அடைத்து விற்றார்கள். அதையும் குடித்துப் பார்த்தார். சில நாள் நிற்கும், பிறகு வரும்.

பகல் வேளைகளில் கடைத்தொகுதிக்குள் உட்காரப் போட்டிருக்கும் நீள வாங்கில் ஓய்வூதியக்காரர்கள் கூடுவார்கள். அவர்களில் ஜெயரட்ணமும் ஒருவர். தேவராஜாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். பிறகு லண்டனுக்குப் போய், அங்கே ஓய்வு பெற்று, இப்போது மகனோடு இருக்க இங்கே வந்திருந்தார். அவரிடம் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் அவருக்கு மெடிகெயார் அட்டை கொடுத்துவிட்டார்கள். ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு கிழவர்களில் ஒருவருடைய உடம்புக்கு அரசாங்கம் பொறுப்பு, மற்றவருடைய உடம்புக்கு ஒருவரும் பொறுப்பில்லை. இதற்கு நியாயம் தேடிப் போனால் விசர்தான் பிடிக்கும்.

"நீ ஆசுப்பத்திரிப் பக்கம் கவனமா இருந்துகொள், மச்சான்," என்றார் ஜெயரட்ணம். "டார்னெய்ட்டிலை ஒரு தமிழ்நாட்டுப் பொடியன், தகப்பனுக்கு ஒப்பரேசன் செய்த பில்லைக் கட்ட வீட்டையே வித்துப்போட்டானாம். பழைய வருத்தமெண்டு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிட்டான்."

வீடு என்ற சொல் தேவராஜாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. மிருணாளினியின் வீடு அவளுடைய முதுகெலும்பில் எழும்பிய வீடு. முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் செய்து, பிறத்தியாரின் தாய் தகப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, மாதாமாதம் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்து தூங்கிவிடுவாள். இந்தப் பிள்ளையின் வீட்டை என்னுடைய மூத்திரம் விழுங்குவதா என்று யோசித்தார்.

அங்கேதான் அந்தக் கச்சேரி மூளை வேலை செய்தது. டொக்டர் எழுதினால்தான் அது நோய். ஒருவரும் எழுதாதவரை அப்படி ஒன்று இல்லை. பன்னிரண்டு மாதம் முடியட்டும், மறுநாளே டொக்டரிடம் போய் நேற்றுத்தான் தொடங்கியது என்று சொல்லலாம். அதுவரை வீட்டில் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது.

தெரியாமல் இருக்க அவர் கழிவறையைக் கழுவத் தொடங்கினார். ஒவ்வொரு முறை போனபின்னும் பிளீச் ஊற்றி, தூரிகையால் தேய்த்து, நிலத்தையும் துடைத்து, மணம் போக யன்னலைத் திறந்துவிட்டுத்தான் வெளியே வருவார். கையுறை போடும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அம்மா இருக்கேக்கை நீங்கள் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவி நான் காணேல்லை," என்று மிருணாளினி சிரித்தாள். "இப்ப எங்கடை டொய்லெட்டிலை பாய் விரிச்சுப் படுக்கலாம்."

வேலையிடத்திலும் தகப்பனின் துப்புரவைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். தேவராஜாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பன்னிரண்டு மாதம் முடிவதற்குக் கொஞ்சக் காலமே இருந்தபோது மனைவியின் ஆண்டுத் திவசம் வந்தது. ஊருக்குப் போனார். போன இடத்தில் இரத்தம் தானாக நின்றது. அவர் அதை மனைவியின் கருணை என்று எடுத்துக்கொண்டார். அப்படியும் மனம் கேட்காமல், ஒரு காலை அரசாங்க ஆசுப்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார். அந்த ஆசுப்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்கமாட்டார்கள். ராசாவாக இருந்தாலும் பிச்சைக்காரனாக இருந்தாலும் துண்டுச் சீட்டு எடுத்தால் டொக்டரைப் பார்க்கலாம். தேவராஜாவுக்கு முன்னால் இரண்டு மூன்று பேர்தான். துண்டு எழுதுகிறவரின் கையில் பேனை தெரிந்தது. எழுதிவிட்டால் எழுதியதுதான், பிறகு விசாவும் போகும், மகளிடம் திரும்பவும் முடியாது என்று நினைத்தார். வரிசையை விட்டு விலகி, தேத்தண்ணிக் கடைக்குப் போய் ஒரு வடை சாப்பிட்டார். அந்த இடத்தில் அந்த மனுசனின் சட்டையைப் பிடித்து உலுக்க ஒருத்தரும் இல்லாமல் போனார்களே என்று வயிறு எரிகிறது.

திரும்பி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து பிரசன்னா காரோட்டினான். ரோவில்லுக்குப் பாதித் தூரத்தில் உற்சாகமாகச் சொன்னான்.

"மாமா, ஒரு நல்ல அலுவல் பாத்தனான். நீங்கள் ஊரிலை நிக்கேக்கை ஏன் சும்மா கட்டுவான் எண்டு பழைய இன்சூரன்சை நிப்பாட்டிப்போட்டு, நேற்றுப் புதுசா ஒண்டு எடுத்தனான். முந்தினதிலும் மலிவு."

"அப்ப அந்தப் பன்னிரண்டு மாசம்?"

"இடையிலை விட்டபடியால் அது திருப்பி முதலிலை இருந்து. உங்களுக்கென்ன, கல்லுமாதிரி இருக்கிறியள்."

தேவராஜா யன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் திறந்தால் பிரசன்னாவின் முகம் என்னவாகும் என்று யோசித்தார். நல்ல பொடியன். மிச்சம் பிடித்ததும் இந்தக் குடும்பத்துக்காகத்தான்.

"ஓம், நல்லது தம்பி," என்றார்.

இரண்டாம் முறை காத்திருக்கத் தொடங்கினார். இந்த முறை காத்திருந்தது அவர் மட்டும்தான். உள்ளே இருந்தது காத்திராமல் வளர்ந்தது. சிவப்பு திரும்பவும் தொடங்கி, கட்டி கட்டியாக வந்தது. இடுப்பு எலும்பு குத்தியது. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். "இங்கத்தைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை," என்றார். மகள் புட்டு அவித்துக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் மிருணாளினி வேலையால் வந்தபோது கழிவறைக்குள்ளிருந்து மாடு கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினாள். இரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் போகாமல், வயிறு வீங்கி, தகப்பன் நிலத்தில் சுருண்டு கிடந்தார். அந்த நிலையிலும் தூரிகை கையில் இருந்தது.

ஆசுப்பத்திரியில் குழாய் போட்டு அடைப்பை எடுத்த பிறகு டொக்டர் பெண்மணி கட்டிலருகே வந்து, இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். தேவராஜா கச்சேரி ஆங்கிலத்தில், மனனம் செய்தவர்போல் பதில் சொன்னார்.

"நேற்றுத்தான், டொக்டர்."

மிருணாளினி கட்டிலுக்கு மறுபக்கம் நின்று அவருடைய கையைப் பிடித்திருந்தாள். விரல் நுனிகளில் தோல் வெளிறி உரிந்திருந்தது. பிளீச் மணம் இன்னும் போகவில்லை. அவள் அந்தக் கையையே பார்த்தாள். முதியோர் இல்லத்தில் ஊரார் தகப்பன்மாரின் சிறுநீர் என்ன நிறம் என்று தினமும் பார்த்து எழுதுகிறவள் அவள்.

"அப்பா," என்றாள். "அந்தக் கழுவல் எல்லாம் இதுக்கே?"

தேவராஜா கண்ணை மூடிக்கொண்டார். அவள் டொக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள், "இவர் இங்கை வந்த முதல் வருசத்திலையிருந்து." டொக்டர் எழுதினார்.

"உனக்கென்ன விசரே?" தேவராஜா எழும்பப் பார்த்தார். "எழுதுறா பார்! வீடு போகப்போகுது!"

"போகட்டும் அப்பா. வீடு நாசமாய்ப் போகட்டும்."

ஸ்கான் எல்லாம் எடுத்து முடிந்தபின் அதே டொக்டர் வந்து, இந்த முறை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். புற்றுநோய் சிறுநீர்ப்பையை விட்டு வெளியேறி எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. முதல் இரத்தம் கண்டபோதே வந்திருந்தால் சுரண்டி எடுத்திருக்க வாய்ப்பு இருந்தது. இனி அறுப்பதில் பயனில்லை. கடுமையான மருந்துகளை இந்த உடம்பு தாங்காது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதை வீட்டிலேயே செய்யலாம் என்றார். பிரசன்னா சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

தேவராஜா ஒரு சொல்லையும் தவறவிடாமல் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ஒப்பரேசன் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"இல்லை. மன்னியுங்கள்."

அவர் மகளைப் பார்த்தார். மாதக்கணக்காக அவள் காணாத தெளிவு அந்த முகத்தில் வந்திருந்தது.

"கேட்டனியே பிள்ளை? ஒப்பரேசனும் இல்லை, ஒண்டும் இல்லை. பெரிய செலவு வராது. வீடு தப்பிச்சுது."

மிருணாளினி அந்த உரிந்த கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, வார்ட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தி அழுதாள். நல்ல செய்தி சொன்ன பிறகும் இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று தேவராஜாவுக்கு விளங்கவில்லை.