மணிக்கு அடைத்தபோது

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் செவ்வந்திக்கு நெல் காயவைக்கும் வேலை. கணவர் இறந்து, மகள் கனிமொழி சென்னைக்கு நர்ஸாகப் போன பிறகு, வீட்டில் அவளோடு இருந்தது மணி என்ற கடுவன் பூனை மட்டும்தான்.

சென்ற தை மாதம் ஒரு காலையில் மணி கொல்லை மணலில் போய்ப் போய்க் குந்தியது. முக்கியது; ஒன்றும் வரவில்லை. அடிவயிற்றை நக்கி நக்கிக் கத்தியது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டினாள். நாலு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில். ஆலைக் களத்தில் குவிந்து கிடந்த ஈர நெல்லை விரிக்காவிட்டால் முளைத்துவிடும். வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மணி எதையும் தின்னவில்லை. நுரையாக வாந்தி எடுத்தது. மகளுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணுக்குப் போவுதாம்மா?"

"குந்துது. மண்ணு ஈரமாவே இல்ல."

"அப்ப மூத்திரம் அடைச்சிருக்கும்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

கூடையில் வைத்துத் துணியால் மூடி பஸ் ஏறினாள். கால்நடை மருத்துவர் ஜெயபாரதி பூனையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மூத்திரப்பை கல்லு மாதிரி இருக்கு. எப்பலேர்ந்து?"

"நேத்து காலையிலேர்ந்துங்க. வெளிக்கி வரலன்னு நெனச்சிட்டேன்."

மயக்க ஊசி போட்டு மெல்லிய குழாயைச் செலுத்தினார். இரத்தம் கலந்த சிறுநீரோடு பொடி மணல் போலத் துகள்கள் வந்தன.

"ஆண் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல். இந்தத் துகள் அடைச்சுக்கும். ஒரு நாளைக்கு மேல போனா கிட்னி தாங்காது. பாப்போம்மா."

மூன்றாம் நாள் காலை, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே மணி இறந்துபோனது.

"அன்னிக்கு வேலைக்குப் போவாம இருந்திருக்கலாம்" என்று மகளிடம் ஒருமுறை சொன்னாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் கனிமொழி. அந்தப் பதில் செவ்வந்திக்குப் போதவில்லை.

பங்குனியில், ஆலைக்கு லாரி ஓட்டும் காதர் மைதீன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வீட்டுப் பூனை காலையிலேர்ந்து குந்திக் குந்தி எந்திரிக்குது. என் மக அஃப்ரீன் வெளக்கெண்ண குடுக்கலாங்கிறா."

நெல் தள்ளும் பலகையைச் செவ்வந்தி கீழே வைத்தாள்.

"கடுவனாண்ணே?"

"ஆமா."

"எண்ண வேணாம். சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்காதீங்க. இப்பவே போவலாம், நானும் வரேன்."

பாதி நெல் விரித்தபடி கிடந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அஃப்ரீன் பூனையை மடியில் வைத்துக்கொண்டு வர, மூவரும் அதே மருத்துவரிடம் போனார்கள். குழாய் வழியே சிறுநீர் இறங்கியதும் ஜெயபாரதி, "நேரத்தோட வந்துட்டீங்க" என்றார்.

நாலாம் நாள் அந்தப் பூனை மீன் தின்றதாக அஃப்ரீன் போனில் சொன்னாள். செவ்வந்தி கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேர் குட்டி தருவதாகச் சொன்னார்கள். அவள் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.