மன்சாவின் அளவு டின்

மன்சா சந்தையில் காராமணி விற்றாள். மெதடிஸ்ட் சபையில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சிறு ஜெபக்குழுவுக்கு, தலைவி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளுடைய வகுப்புப் பெண்கள் கோயிலுக்குப் பக்கத்தில் பெஞ்சுகளைப் போட்டு உட்காருவார்கள். இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருந்தது என்று ஒவ்வொருத்தியையும் கேட்பது தலைவியின் வேலை. காய்ச்சல், கணவனின் கோபம், ஜெபத்தில் வந்த தூக்கம் எல்லாம் அங்கே பேசப்பட்டன. டின்னைப் பற்றி மட்டும் யாரும் பேசியதில்லை.

கேப் கோஸ்ட் நகரத்துக்குப் போகிற சாலையோரத்து அந்தச் சந்தையில் தானியத்தைப் பழைய டின்னில்தான் அளப்பார்கள். அதன் அடியைத் தகரக்காரனிடம் கொடுத்து உள்பக்கமாகத் தட்டி வாங்கிக்கொள்வது வழக்கம். வெளியே பார்த்தால் முழு டின். உள்ளே இரண்டு கைப்பிடி குறையும். குறை தெரியாதபடி மேலே கூம்பாகக் குவித்து, சரிகிற மணிகளைக் கையால் அணைத்துப் பிடிப்பார்கள். எவ்வளவு குவித்தாலும் அந்தக் குறை நிரம்பாது. வாங்குகிறவர்களும் கூம்பைத்தான் பார்ப்பார்கள். இதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை, மன்சாவும் சொன்னதில்லை.

அந்த வருஷம் வந்த புதுப் போதகர், வேலை செய்கிற இடத்தில் விசுவாசம் எப்படி இருக்கிறது என்றும் கேட்கும்படி தலைவிகளுக்குச் சொன்னார். மன்சா கேட்டாள். பக்கத்துக் கடை எக்குவா, தினமும் ஜெபித்துவிட்டுத்தான் கடை திறப்பதாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மன்சாவும் ஆட்டினாள், பிறகு அது அவளை உறுத்தியது. எக்குவாவின் டின்னையும் தன் டின்னையும் ஒன்றாகக் கொண்டுபோய்த் தட்டி வாங்கி வந்தது அவளேதான்.

மறுநாள் தன் டின்னைத் தகரக்காரனிடம் நீட்டி அடியை நேராக்கச் சொன்னாள்.

"வெளிப்பக்கமாவா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேக்கா. வியாபாரத்தை விடப்போறீங்களா?" என்றான் அவன்.

கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிற்று. முழு டின்னைக் கொடுத்துக் கூம்பும் வைத்தால் கட்டுப்படியாகாது. அவள் விளிம்போடு வழித்துக் கொடுத்தாள். நேர்மையான அளவு பார்ப்பதற்குக் கஞ்சத்தனமாக இருந்தது. வாடிக்கைக்காரர்கள் எக்குவாவிடம் நகர்ந்தார்கள். இந்த மூட்டை காலியாகாவிட்டால் அடுத்த மூட்டை எடுக்க வழியில்லை.

சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அஜோவா நெடுநாள் வாடிக்கை. அவளும் முகம் சுளித்தாள்.

"என்னக்கா, மொட்டையடிச்சு விட்டுட்டீங்க? அங்க எக்குவா மலையா குவிக்கிறா."

அடி நேராக இருக்கிறது என்று மன்சா சொன்னாள்.

"அப்ப உங்க டின்னுல அளந்ததை அவ டின்னுல கொட்டிக் காட்டுங்க. பார்த்துடுவோம்."

எக்குவாவின் கைகள் கூம்பின் மேலேயே நின்றுவிட்டன. கொட்டினால் வழியும். வியாபாரம் மன்சாவுக்குத் திரும்பும். எக்குவா இனி அந்தப் பெஞ்சில் வந்து உட்கார மாட்டாள்.

"என் டின்னைப் பத்தித்தான் நான் பேச முடியும்" என்றாள் மன்சா.

அஜோவா எக்குவாவிடம் வாங்கிப் போனாள். தான் சொன்னது அன்பா, கோழைத்தனமா என்று மன்சாவுக்கே தெளிவில்லை. அஜோவா குறைவாகத்தானே வாங்கிப் போனாள்.

அந்த ஞாயிறு கேட்டபோது, ஆத்துமா சுகம் என்று எக்குவா சொன்னாள். மன்சா அடுத்தவளிடம் போனாள்.

அடுத்த சந்தை நாளில் வேறொருத்தி வந்து, கூம்பு எங்கே என்று அதே சண்டையைப் பிடித்தாள். மன்சா வாய் திறக்குமுன் எக்குவா நிமிராமல் சொன்னாள்:

"அவகிட்டயே வாங்கு. அவ டின்னுக்கு அடி நேரா இருக்கு."

"அப்ப உன்னோடது?"

"நான் அவளைப் பத்தித்தான் சொன்னேன்."

வந்தவள் சிரித்துவிட்டு மன்சாவிடம் இரண்டு டின் வாங்கினாள். சேதி பரவி இன்னும் சிலர் வந்தார்கள். மாலையில் மன்சாவால் அடுத்த சரக்காகப் பாதி மூட்டையாவது வாங்க முடிந்தது. எக்குவா அன்று முழுவதும் பழைய டின்னிலேயே அளந்தாள். கூம்பு மட்டும் வழக்கத்தைவிட உயரமாக இருந்தது.