ஆதிபாவின் நான்கு வரி

இதைக் கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் நடந்தது. போன ஒக்டோபரில், ஒரு புதன்கிழமை. உக்குவளைப் பக்கம் ஒரு பாடசாலையின் மேல்மாடியில். நடுச்சாமம்கூட இல்லை, பகல் மூன்று மணி.

பதினோராம் வகுப்புக்கு இலக்கியம் படிப்பித்த ஸெய்னுலாப்தீன் சேருக்குப் பழைய காவியம் என்றால் உயிர். பிள்ளைகளுக்கோ கொட்டாவி. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு பாட்டைப் போனில் பாடிப் பதிந்து அனுப்பச் சொன்னார். அதையெல்லாம் ஸ்மார்ட் போர்டில் ஏற்றினார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம்; அதைத் தொட்டால் பாட்டு வரும். கீழே பாடியவரின் பெயர் பச்சை எழுத்தில் வரும். கொட்டாவி நின்றது. இடைவேளையிலும் பிள்ளைகள் போர்டைச் சுற்றி நின்றார்கள்.

நிப்லாவுக்கு வந்தது, நாடு கடத்தப்பட்ட அரசி ஆற்றங்கரையில் நின்று தன் ஊரைக் கூப்பிட்டு அழும் பாட்டு. நான்கே வரி. அவளுக்கு நாக்குப் புரளவில்லை. ஆதிபாவிடம் ஓடினாள். ஆதிபா போன வருடம்வரை அவளுடைய பக்கத்து மேசைக்காரி. தம்பி தங்கைகளைப் பார்க்க ஆளில்லாமல் படிப்பை விட்டவள். குசினியில் அடுப்படியில் நின்றபடியே ஒரே தடவையில் பாடிக் கொடுத்தாள். பின்னால் சேவல் கூவியது. பைப் சொட்டியது. வரிக்கு வரி அவள் மூச்சு இழுப்பதும் பதிவானது.

"சேர்க்கிட்ட எண்ட பேர மட்டும் சொல்லிடு, என்ன?"

"சொல்றேன் புள்ள."

சொல்லவில்லை. போர்டில் அரசி அழுதாள். வகுப்பே அசையாமல் இருந்தது. கீழே பச்சை எழுத்தில் நிப்லாவின் பெயர்.

"ஏய் நிப்லா, ஒண்ட தொண்டைக்குள்ள யாரு குந்தியிருக்கா?" என்று றிகாஸ் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நிப்லாவும் சிரித்தாள்.

அதன்பிறகு அவள் ஆதிபாவின் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆதிபாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்தப் புதன்கிழமை சேர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மறுநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். நிப்லா அவர்கள் முன்னால் நேரடியாகப் பாட வேண்டுமாம். பாடினால் குட்டு உடைந்துவிடும். உண்மையைச் சொல்ல அப்போதும் வழி இருந்தது. அவள் வேறு வழி பார்த்தாள். ஆதிபாவின் பதிவை அழித்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்துவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இராது. தொண்டை கட்டிவிட்டது என்று சமாளிக்கலாம்.

"பாடிப் பழகணும் சேர்" என்று சொல்லி வகுப்புச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

2.50. மழை இருட்டு. மேல்மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. போர்டைப் போட்டாள். கடைசியாக ஒரு தடவை கேட்போம் என்று படத்தைத் தொட்டாள்.

பாட்டு வந்தது. ஏதோ குறைந்தது போல இருந்தது...

சேவல். சேவல் கூவவில்லை.

மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலும். சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடி தொட்டாள். 2.53. சேவல் இல்லை. பைப் சொட்டும் சத்தமும் இல்லை. குரல் மட்டும் வந்தது, ஏதோ மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல.

அதை அழித்தாள். குப்பைக் கூடையிலிருந்தும் அழித்தாள். 2.57. போனை வாயருகே பிடித்துத் தானே பாடத் தொடங்கினாள்.

முதல் வரி முடியவில்லை.

போர்ட் பாடியது.

அவள் தொடவில்லை. படம் தானாகத் திறந்திருந்தது. அதே அரசி. அதே குரல். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்று, நான்கு... மீண்டும் முதல் வரி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இடையில் மூச்சே இல்லை.

ஒரு தடவைகூட அந்தக் குரல் மூச்சு இழுக்கவில்லை. நான்கு வரி, எட்டு வரி, பன்னிரண்டு வரி...

3.04. பாட்டு நின்றது.

"நிப்லா... பேரு?"

அவள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

பச்சை எழுத்து மட்டும் அணையவில்லை.

"பேரு?"

இப்போது போர்டிலிருந்து வரவில்லை. காதோரம்.

"பேரு?"

"அது எண்ட குரல் இல்ல!" நிப்லா கத்தினாள். "ஆதிபாட குரல்! ஆதிபாதான் பாடின!"



பிறகு... நீளமாக ஒரு மூச்சு. யாரோ வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததை வெளியே விட்டதுபோல.

பச்சை எழுத்து அணைந்தது. சுவர் மணிக்கூட்டில் 3.07. படிகளில் இறங்கியது அவளுக்கு நினைவில்லை.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்துவிட்டதாக ஜனாஸா அறிவித்தல் வந்தது. ஆதிபாவின் பெயர். டெங்கு.

உம்மாவோடு நிப்லாவும் போனாள். ஆதிபாவின் தாய் நூருன்னிஸா அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ஞாயித்துக்கிழமையில இருந்து மெஷின்லதான் மூச்சு விட்டா மகள். தொண்டைக்குள்ள குழாய். கண்ணும் முழிக்கல்ல, ஒரு சத்தமும் இல்ல. இண்டைக்கு மூணு மணி தாண்டி கண்ணத் தொறந்தா. குழாய் உள்ளுக்குத்தான் இருந்திச்சு. வாயும் அசையல்ல. ஆனா பேசினா. நர்ஸ் மிஸ்ஸும் கேட்டாங்க. நேரத்தப் பாத்து எழுதினாங்க, மூணு ஏழு. 'நிப்லா சொல்லிட்டா உம்மா' எண்டா. அவ்வளவுதான். போயிட்டா."

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் நிப்லாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னத்தச் சொன்ன மகள்?" என்று நூருன்னிஸா கேட்டார்.

நிப்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்டுமில்ல மாமி."