தேங்காய்த்திட்டு ஐஸில் போன கட்டி

என் ஓரகத்திக்கு மாத்திரை, எனக்கு ஊசி. எண்பதுகளின் நடுவில், சாரம் பகுதியில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்தபோது, என் வயிறு எரிந்ததெல்லாம் இதற்காகத்தான்.

அவள் என் கொழுந்தனின் மனைவி. என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. கொழுந்தன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிற சொல்தா. அதனால் அவளுக்கு மொசைக் தரை, பிரிட்ஜ், பிரான்சிலிருந்து வருகிற சோப்பு. நோயில்கூட அவள்தான் முந்தினாள். அவள் மார்பில் கட்டி வந்து சில மாதம் கழித்து எனக்கும் வந்தது. ஊசியால் உறிஞ்சி, கண்ணாடியில் தடவிப் பார்த்து, இருவருக்குமே புற்று என்றார்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டரம்மா, ஒரே மாதிரி ஆபரேஷன்.

வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை மெட்ராஸுக்கு அனுப்பி இன்னொரு சோதனை பார்க்க வேண்டும். கெடாமல் ஐஸில் வைத்துக் கொண்டுபோவது வீட்டாள் பொறுப்பு. அவளுடைய துண்டு பிரெஞ்சு பிளாஸ்க்கில், பிரிட்ஜ் ஐஸில், வாடகைக் காரில் போனது. என்னுடையதற்கு என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்துத் தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் ஐஸ் வாங்கிவந்தார். துண்டு இருந்த டப்பாவை வாளி ஐஸில் புதைத்து, சுற்றி உமி போட்டு, சாக்கால் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

பதில் வந்தது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "அவங்க கட்டி ஹார்மோனைப் பிடிச்சு வளர்ற கட்டி. அதைத் தடுக்க மாத்திரை இருக்கு. உங்க கட்டிக்கு அந்தப் பிடிப்பே இல்ல. மாத்திரை கேக்காது. ஊசிதான் போடணும். முடி கொட்டும், அப்புறம் வளந்துடும்."

அவள் முடி கொட்டாது, என் முடி கொட்டும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் கவலைப்படுவதற்குப் படிப்பு வேண்டாம். சோறு வடிக்கும்போதும் அந்த வாளிதான் கண்ணில் நின்றது. மீன் ஐஸில் போனதால்தான் என் துண்டு கெட்டிருக்கும், அதனால்தான் பிடிப்பு இல்லை என்று காட்டியிருக்கும்!

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மீனே கெடாத ஐஸுல உன் கட்டி கெட்டுடுச்சா? வஞ்சிரம் மாதிரி கொண்டுபோய்ச் சேத்தேன்டி" என்றார்.

நான் விடவில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஐஸ் உருகி, துண்டு சூடாயிருந்தா நீங்க சொல்றது நடக்கலாம். இருக்கிறதே இல்லைன்னு காட்டிடும். விசாரிக்கிறேன்."

எனக்கு நெஞ்சு துள்ளியது. அவர் மெட்ராஸுக்குப் போன் போட்டார். ஐஸ் உருகாமல்தான் வந்து சேர்ந்ததாம். இருந்தாலும் உறைய வைத்திருந்த மிச்சத்தை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்களாம். பதில் வரும்வரை, ஓரகத்தி மாத்திரை முழுங்கத் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடியும் அதே பதில்தான்.

"அவங்க மாத்திரையை உங்களுக்கும் எழுதித் தர எனக்கு ஒரு நிமிஷம் ஆவாது" என்றார் டாக்டரம்மா. "நீங்களும் நிம்மதியா முழுங்குவீங்க. உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா அது பாட்டுக்கு வளந்துட்டே இருக்கும். பரவாயில்லயா?"

ஊசிக்குக் கையை நீட்டினேன்.

இரண்டாவது ஊசி போடுவதற்குள் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. அந்த ஊசிக்குத் துணைக்கு வந்தவள் ஓரகத்திதான். இடுப்பைத் தொடும் பின்னலோடு, நான் வாந்தி எடுக்கப் பேசின் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பின்னலைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

"உனுக்கு இன்னாக்கா, கொஞ்ச மாசத்துல ஊசி முடிஞ்சிடும்" என்றாள் திடீரென்று. "எனுக்கு வருஷக்கணக்கா முழுங்கணுமாம். உடம்பெல்லாம் தீயா எரியுது. ஒவ்வொரு மாத்திரைக்கும் அந்தக் கட்டி ஞாபகந்தான். உன்ன மாதிரி ஒரேயடியா பட்டு முடிச்சிட்டாத் தேவல."

குரலில் நடிப்பு இல்லை. அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! சொல்தா பெண்டாட்டி, மொட்டைத் தலையோடு வாந்தி எடுக்கிற என்னைப் பார்த்து!

"பேசினை நேராப் புடி" என்றேன். அன்று வீட்டுக்குப் போய், பல நாளுக்குப் பிறகு இரண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டேன்.