கறுப்புச் சேவலின் முட்டைகள்

தீபாவளி முடிந்த மறுவாரம், செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி ஒரு வாளியில் தவிடு நிரப்பி அதற்குள் முட்டைகளைப் புதைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என் அண்ணனும் அண்ணியும் எங்கள் எஸ்டேட் லைன் வீட்டு வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார்கள்.

"தம்பி, இத ஒங்க மெஷின்ல வச்சுக் குடுங்க. இதுக்கு மேல அதோட வித்து இல்ல."

அது என்றால் கறுப்புச் சேவல். அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் தேயிலை மலையின் ஓரத்தில் இருக்கும் முனியாண்டிக்கு வீட்டிலேயே பொரித்து வளர்த்த கறுப்புச் சேவல் ஒன்று தருவதாக அண்ணி நேர்ந்துகொண்டார். அண்ணன் பிழைத்து வந்தார். சேவலும் வளர்ந்தது. பூசைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில் முசாங் என்கிற மரநாய் கூண்டைப் பிரித்து முதலில் சேவலையும், பிறகு பெட்டையையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. மிஞ்சியது அந்தப் பெட்டை இட்டுவைத்த இந்த முட்டைகள்தான். டிசம்பரில் அண்ணனுக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. அதற்கு முன்னால் ஒரு குஞ்சையாவது முனியாண்டியின் கண்ணில் காட்டிவிட வேண்டும் என்று அண்ணி துடித்தார்.

அண்ணன் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "பிரிஞ்சாங் டவுன்ல கெடைக்காத கோழியா? ஒண்ண வாங்கி அறுத்துட்டுப் போவியா!"

"வாங்குன கோழிய முனியாண்டி கேக்கல. வளத்துத் தரேன்னு நாந்தான் சொன்னேன். பொழச்சு வந்தவரு பேசாம ஒக்காருங்க."

அண்ணி சொன்ன மெஷின், எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வாங்கிய முட்டை பொரிக்கும் இன்குபேட்டர். கோழி வளர்ப்புப் புத்தகங்களை அதற்கு முன்பே படித்து முடித்திருந்தேன். முட்டைகளை ஒரு நாள் ஆறவைத்து, புதன்கிழமை காலை அடுக்கினேன். கிண்ணம் கிண்ணமாகக் குழிந்த தட்டில் ஒவ்வொரு முட்டையையும் கூர்முனை கீழேயும் அகன்ற முனை மேலேயும் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பிறகு மோட்டார் அந்தத் தட்டை மணிக்கு ஒரு முறை இடமும் வலமுமாகச் சாய்த்துக்கொண்டிருக்கும்.

"கோழி இப்பிடியா நட்டுக்குத்தலா வச்சு ஒக்காரும்?" என்றார் அண்ணி.

"அகலப் பக்கம் உள்ளுக்குள்ள காத்து இருக்கு அண்ணி. குஞ்சு கடைசியில மூக்க அங்கதான் நீட்டும். தலைகீழா வச்சா மூச்சு முட்டிடும்."

"ஒங்க கோழி நெறைய படிச்சிருக்குலா."

ஒரு முட்டை மட்டும் கிட்டத்தட்ட உருண்டையாக இருந்தது. எது தலை, எது கால் என்று தெரியவில்லை. கைப்பேசி விளக்கை அடியில் பிடித்துக் காற்று நிற்கும் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். வைத்த பிறகும் சந்தேகம் வந்தது. எடுத்து மறுபடி பார்த்தேன். மதியம் இன்னொரு முறை பார்த்தேன்.

அது மழைக்காலம். பிற்பகல் ஆனால் இடி இறங்கும், உடனே கரண்ட் போகும். இந்தக் குளிரில் மெஷினின் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால், வானம் இருண்டாலே நான் அடுப்பில் வெந்நீர் வைத்துப் போத்தல்களை வரிசையாக நிறுத்திக்கொள்வேன். வெளியே எங்கும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் முப்பத்தேழரை டிகிரியில் நிற்கும். எழுந்தால் கால் தானாக மெஷின் பக்கம் போகும். நாள்காட்டிக் கட்டத்தில் சூட்டை எழுதுவேன், எழுதியது சரியா என்று மீண்டும் போய்ப் பார்ப்பேன்.

அண்ணிக்கும் அந்த இடியில்தான் பயம். இடி இடித்தால் அடையில் இருக்கும் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று, கூடையில் கரித்துண்டு, இரும்பாணி, காய்ந்த மிளகாய் மூன்றையும் போட்டுத்தான் எங்கள் லைனில் கோழியை அடைவைப்பார்கள். "மெஷினுக்கு அதெல்லாம் வேணாம் அண்ணி" என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் காலி வாளியோடு கிளம்பிவிட்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலையில் தட்டு சாயும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மோட்டார் முனகியது, தட்டு அசையவில்லை. மூடியைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால், தட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கரித்துண்டு ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் ஆணியும் இரண்டு மிளகாயும். முட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அப்படியே நாள்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கும் உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். "எப்ப போட்டீங்க?"

"அன்னிக்கு இடி இடிச்சுதே, அன்னிக்கு. நீங்க அடுப்புல தண்ணி வச்சுக்கிட்டு இருந்தீங்க."

"தெனமும்தான் இடிக்குது! எந்தக் கெழம?"

"பெரிய இடி தம்பி. ஒங்க அண்ணன் டீய மேல ஊத்திக்கிட்டாரே."

அண்ணன் எந்தச் சட்டையில் டீயை ஊற்றிக்கொண்டார் என்பது வரை விசாரித்தேன். வியாழன் என்றார்கள், சனி என்றார்கள். தட்டு நின்றது அன்றா, நேற்றா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்போல இருந்தது. தெரிந்து என்ன செய்திருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

"செத்துப்போச்சா?" என்று அண்ணி கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது. "நானே கெடுத்துட்டனா?"

விளக்கில் பார்த்துவிடலாம் என்றேன். என் வீட்டில் இருட்டான இடம் குளியலறை ஒன்றுதான். முட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினோம். அடுப்படியிலிருந்து என் மனைவி கத்தினாள்:

"யக்கா, கொழுந்தனக் கூட்டிக்கிட்டு உள்ள போய் கதவ சாத்துனா லைன்ல என்ன பேசுவாங்க?"

"முட்ட போடப் போறோம்னு சொல்லுலா!"

முதல் முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தது, கூமுட்டை. இரண்டாவதும் அப்படியே. அண்ணி என் தோள் பக்கமாகச் சாய்ந்து மூச்சு விடாமல் நின்றார். மூன்றாவதில் சிவப்பு நரம்புகள் பின்னலாக ஓடின, நடுவில் ஒரு கறுப்பு நிழல் துள்ளியது. உருண்டை முட்டையிலும் துள்ளியது.

"ஆடுது," என்றார் அண்ணி.

கரி, ஆணி, மிளகாய் மூன்றையும் எடுத்துவிட்டேன். ஆனால் இரும்பு வேண்டும் என்று அவர் விடவில்லை. கடைசியில், அவர் வீட்டிலிருந்த பழைய கவ்வாத்துக் கத்தியை, தேயிலைச் செடி வெட்டுகிற அந்தக் கனத்த கத்தியை, மெஷினின் மூடி மேல் படுக்கவைக்க ஒத்துக்கொண்டேன். காற்றுத் துளை மறைகிறதா என்று மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

குஞ்சுகள் நான்கு வந்தன. இரண்டு கறுப்பு. அண்ணனை ஈப்போவுக்குக் கூட்டிப்போகும் நாளுக்கு முந்தின நாளில்தான் அவை நனைந்த மயிர் காய்ந்து நிற்கத் தொடங்கின.

"எது சேவல்?"

"இப்ப தெரியாது அண்ணி. கொண்ட வரணும்."

மறுநாள் காலை, பனி இறங்கும் நேரத்தில், அண்ணி கறுப்பு இரண்டையும் எடுத்து ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டார். குளிரில் செத்துவிடும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர் நிற்கவில்லை. தேயிலைக்கு நடுவே ஏறிப் போய், முனியாண்டியின் சூலத்துக்கு முன்னால் ஸ்வெட்டரை விரித்து இரண்டு தலைகளையும் காட்டினார். உதடுகள் வெகு நேரம் அசைந்தன.

"என்ன கேட்டீங்க?" என்றேன் இறங்கும்போது.

"கேக்கல. சொன்னேன். ரெண்டுல ஒண்ணு சேவல்னா ஒனக்கு. ரெண்டும் பெட்டையா போச்சுன்னா அதுங்க முட்டையில தரேன், அது வரைக்கும் அந்த மனுசன விட்டு வைன்னு சொன்னேன்."

கீழே அண்ணன் காரில் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணி குஞ்சுகளை என் கைகளில் திணித்துவிட்டு ஓடினார். உள்ளங்கையில் இரண்டும் நடுங்கின. ஓடிப்போய்ச் சூட்டில் விட்டேன், மற்ற இரண்டின் மேல் ஏறி ஒண்டிக்கொண்டன.

ஈப்போவிலிருந்து அழைப்பு வரும் என்று கைப்பேசியை மேசை மேல் வைத்தேன். பிறகு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கறுப்பு இரண்டில் எதற்காவது சேவலுக்குப் போலக் கால் தடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.