கடலூருக்கு வந்த ஈப்போ சிஸ்டர்

தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, கதவு திறந்ததும் என்ன பேசுவது என்று யோசிக்கிற வேலைக்குத்தான் ஊழியம் என்று பெயர். கடல் தாண்டி வேலைக்குப் போய், பாஷை தெரிந்த ஊரிலேயே திருதிருவென்று விழித்தவர்கள் இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ பக்கம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. நாற்பத்தொன்பது வயதில் எங்கள் சபை என்னை மிஷனரியாகக் கடலூர் முதுநகருக்கு அனுப்பியது. மூன்று வருஷம். வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும், உடம்பு முடியாதவர்களுக்காக ஜெபிக்க வேண்டும், வியாழக்கிழமை தோறும் குமராட்சிக்குப் போய்ப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் விடாமல் ஜெபித்தேன். அம்மா போய்விட்டார். அதன் பிறகு, நான் பேசுவதை மேலே யாரோ கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சபையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் அனுப்பியிருப்பார்கள்?

பசியாறிட்டீங்களா?

எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்போம். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். வணக்கம் சொல்கிற மாதிரிதான். முதுநகரில் முதல் நாள் நான் போன தெருவில் மீன் விற்கிற அம்மா, ஆட்டோக்காரர், குழாயடியில் நின்ற பெண்கள் என்று ஒருவர் விடாமல் இதைக் கேட்டுக்கொண்டே போனேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

புயல் அடித்து ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அரை மணி கழித்துத் திரும்பி வருகிறேன், தெருமுனையில் ஏழெட்டுப் பேர் தூக்குவாளியும் பாத்திரமுமாக நிற்கிறார்கள். முன்னால் நின்ற மீன்கார அம்மா கேட்டார்: "ஏன் சிஸ்டர், சாப்பாட்டு வண்டி எத்தினி மணிக்கு வருது?"

ஜன்னலோர சீட்

ஒரு வியாழக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் இறங்கி, குமராட்சிக்கு மினி பஸ் தேடும்போதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. கைப்பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். பாஸ்போர்ட், விசா, போன் எல்லாம் அதற்குள். திரும்பி ஓடினால், பஸ் கடலூருக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் நல்ல மனிதர். கண்டக்டர் நம்பருக்கு இரண்டு தரம் அடித்துப் பார்த்தார், எடுக்கவில்லை. "அதே வண்டிதாம்மா மறுபடி வரும், ஒக்காருங்க" என்றார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாடு கடத்திவிடுவார்களா, ஜெயிலில் போடுவார்களா என்றெல்லாம் மனசு ஓடியது. ஜெபிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பஸ் வந்தது. படி முழுக்க ஆள் தொங்க வந்தது. கூட்டம் இறங்கியதும் ஏறிப் பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலோர சீட்டில் என் பை மட்டும் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது! யாரோ ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, போகும்போதும் சரி, வரும்போதும் சரி, ஒருவரும் அதைத் தொடவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்பது பேரு நின்னுக்குனு வந்தாங்க, ஒங்க பை மட்டும் சொகமா ஒக்காந்துக்குனு வந்துதும்மா."

மாட்டுக்கு ஒரு ஜெபம்

குமராட்சியில் என்னிடம் தையல் கற்றவர்களில் கலா கெட்டிக்காரி. ஒரு மழைநாள் வகுப்புக்குப் போனால், அவள் மாட்டுக்கொட்டகையில் அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே பசு, கன்று போட முடியாமல் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலையிலேயே சொல்லிவிட்டும், ரோட்டில் தண்ணீர் நின்றதால் மாட்டு டாக்டர் எங்கேயோ மாட்டிக்கொண்டார். போனும் கிடைக்கவில்லை.

"சிஸ்டர், நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள் கலா. அவள் வீட்டுக்காரர் முருகையன், "மாட்டுக்கெல்லாம் பண்ணுவாங்களாடி?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். இருந்தாலும் பசுவின் கண்ணைப் பார்த்த பிறகு சும்மா நிற்க முடியவில்லை. நெற்றியில் கையை வைத்து, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஆமென் சொல்லவும், வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. முழங்கால் வரை சேறோடு டாக்டர் இறங்கினார்.

அரை மணியில் கன்று தரையில் கிடந்து தும்மியது. கலா என்னைக் கட்டிக்கொண்டாள். முருகையன் கையைத் துடைத்துக்கொண்டு, குறை சொல்கிற குரலில் சொன்னார்: "நீங்க காலையிலயே ஆரம்பிச்சிருந்தீங்கன்னா, டாக்டரு காலையிலயே வந்திருப்பாரு சிஸ்டர்."

வராத வார்த்தை

மூன்றாவது வருஷம் என் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. சிதம்பரத்தில் டெஸ்டுக்குக் கொடுத்தேன். ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வாரமும் நான் வழக்கம் போல வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்காக ஜெபித்தேன். எனக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை.

ரிசல்ட் அன்று, நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா, வசந்தாக்கா, தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்: "அக்கா, எனக்கு ஜெபிக்க வரலக்கா. ரொம்ப நாளாவே வரல." எதிரே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவர் என் கையைப் பிடித்தார். "வரலன்னா வுடுங்க. அதான் நான் வந்திருக்கேன் இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுது தீர்த்தேன். "நன்றி ஆண்டவரே" என்று வாய் தானாகச் சொன்னது. வேலைக்காகச் சொன்னதல்ல அது. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்து சொன்னது. அம்மா ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் தனியாக இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

வசந்தாக்கா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "எனக்கு ஒங்க சாமிகிட்ட எப்பிடிப் பேசறதுன்னு தெரியல சிஸ்டர். அதான் எங்க சாமிகிட்ட, நீயே போயி அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுன்னு சொல்லிட்டேன்."

கடவுள் இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்ல வந்தவளுக்கே அந்தச் செய்தி மூன்று வருஷம் தாமதமாகத்தான் கிடைத்தது என்றாலும், நல்லவேளை, விசா முடிவதற்குள் கிடைத்துவிட்டது.