ஏழாவது நட்டு

இது நடந்தது. நடந்தது எனக்குத்தான். பெயரை மாற்றி எழுதுங்கள் என்று என் மனைவி அன்னா எவ்வளவோ கெஞ்சினாள். மாற்றவில்லை. என் பெயர் ஞானசீலன். இதுவரை ஒளிந்தது போதும்.

பயப்படுகிற ஆசையில் படிக்க வந்திருந்தால், அதற்கு வேண்டியது இதில் இருக்கிறது. ஆனால் முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால், மறுபடியும் பொய் சொன்னவனாகிவிடுவேன்.

தெற்கு டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேன் ஓட்டினேன். நர்ஸுகளை ஏற்றி இறக்குகிற வேலை. காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. நான் ஐந்து மணிக்குக் காலி வண்டியை எடுப்பேன். ரிங் ரோடு, நாராயணா மேம்பாலம், அப்புறம் ஜனக்புரி. அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புவேன். பதினாறு வருஷமாக இதே ரூட்.

அதே ஆஸ்பத்திரியில் பெலிக்ஸ் அண்ணாச்சியும் டிரைவர். அவருக்கு நொய்டா ரூட். எனக்கும் அவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். என்னை டெல்லிக்குக் கூட்டி வந்து ஸ்டியரிங்கில் உட்கார வைத்தவரே அவர்தான். அவர் மனைவி அல்போன்சா அங்கேயே நர்ஸ். எனக்கு மதினி முறை. வீடு ஜனக்புரியில் என்பதால் தினமும் என் வேனில்தான் வருவார்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் வண்டியின் சக்கர நட்டுகளை முறுக்கி முடித்ததும், மதினியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுப்பார். ஒவ்வொரு நட்டிலும் ஆரம்பித்துச் சக்கரத் தகடு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் கேலி செய்வோம்.

"என்ன அண்ணாச்சி, வண்டி வயசுக்கு வந்துட்டா?"

"சிரிலே, சிரி. ஆளு பொய் சொல்லுவான். கோடு சொல்லாது."

போன நவம்பர். ஒரு புதன்கிழமை. நர்ஸுகளோடு திரும்பும்போது தௌலா குவான் பக்கத்தில் முன்பக்க இடது டயர் பஞ்சர். ஜாக்கி போட்டு ஸ்டெப்னியை மாட்டினேன். ஆறு போல்ட், ஆறு நட்டு. எந்த நட்டையும் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டுத்தான் ஸ்பானர் போட வேண்டும். இது டிரைவர் வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் நாளே தெரியும். ஒரு நட்டு கையால் ஏறவில்லை. கோணலாகப் பிடித்தது. கழற்றி, மரையைத் துடைத்து, மறுபடி ஏற்றியிருக்க வேண்டும்.

"ஜல்தி அண்ணா, பஞ்சிங் லேட்டாயிடும்" என்று உள்ளேயிருந்து ப்ரீதா சிஸ்டர் கத்தினார். மணி 6.35.

ஸ்பானரை மாட்டி அதன்மேல் ஏறி நின்று அழுத்தினேன். கர்ர்ரக் என்று ஒரு சத்தம். நட்டு உள்ளே போனது, ஆனால் கோணலாகத்தான் போனது. இன்னொரு போல்ட்டில் மரை ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தது. அதில் நட்டு இறுகவே இல்லை, சும்மா சுற்றியது. அப்படியே விட்டுவிட்டு வீல் கப்பைத் தட்டி மூடினேன். மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் ஒர்க் ஷாப்பில் சொல்லியிருக்கலாம். போன மாதம்தான் கியர் பாக்ஸ் விஷயத்தில் மிஸ்திரி ஜெயபால் என்னை எல்லார் முன்னாலும் மானம் போகத் திட்டியிருந்தார். மறுபடி போய் நிற்க வெட்கம். செக் லிஸ்டில் 'சக்கர நட்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மறுநாள் எனக்கு லீவு. சொந்தக்காரர் வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். என் வண்டியை எடுக்க அண்ணாச்சியைப் போட்டிருந்தார்கள்.

இரவு 8.10க்கு அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்கு என் வண்டியில ஒங்க மதினி வாராலே. வண்டி எப்டி இருக்கு? வெள்ளன வந்து சக்கரத்தப் பாக்கணுமா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு அண்ணாச்சி. இன்னிக்குத்தான் நட்டெல்லாம் டைட் வெச்சேன்."

"நீ சொன்னா சரி."

மறுநாள் காலை 5.20. நாராயணா மேம்பாலம். இடது சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. வேன் தடுப்புச் சுவரில் மோதியது. அண்ணாச்சி அங்கேயே போய்விட்டார்.

விசாரணை வைத்தார்கள். "நான் விடும்போது வண்டி சரியா இருந்துச்சு சார். காலையில எடுக்கிறவருதான் செக் பண்ணணும்" என்றேன். நாக்கு கூசவில்லை. காலை செக் லிஸ்டில், என்னை நம்பி, அவர் டிக் போட்டிருந்தார். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். கோடு போட்டுப் போட்டுக் கடைசியில் இதைக் கோட்டைவிட்டாரே என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். நானும் அந்த மேஜையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து மதினி வேலைக்குத் திரும்பினார். புது வேன், அதே நான். எனக்குப் பின்சீட்டில் உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கண்ணாடியில் அவர் முகம் தெரியும். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவு யோக்கியன் நான்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

ஜனவரி. திங்கட்கிழமை. பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி. வண்டியில் நான் மட்டும். நாராயணா மேம்பாலம் ஏறும்போது மணி பார்த்தேன். 5.18.

டிங்...

டிங்... டிங்...

இடது முன்சக்கரம். வேகம் கூட்டினால் சத்தம் நின்றது. குறைத்தால் மறுபடி வந்தது. வீல் கப்புக்குள் ஒரு நட்டு கழன்று கிடந்தால் இப்படித்தான் கேட்கும்.

பாலம் இறங்கியதும் ஓரங்கட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் கப்பைக் கழற்றினேன். ஆறு போல்ட்டிலும் ஆறு நட்டு. எல்லாம் இறுக்கமாக இருந்தன. கப்புக்குள் இன்னொன்று கிடந்தது. ஏழாவது நட்டு. துருப்பிடித்தது.

சனிக்கிழமைதான் நானே அந்தக் கப்பைக் கழற்றித் துடைத்திருந்தேன். அப்போது உள்ளே எதுவும் இல்லை. யாரோ போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய். 5.18. அதே இடம். டிங்... டிங்...

இன்னொரு நட்டு. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மரையே இல்லை. வழவழவென்று தேய்ந்திருந்தது.

சும்மா சுற்றிய நட்டு...

புதன்கிழமை கிளம்புவதற்கு முன்பே, 4.55க்கு, கப்பைக் கழற்றிப் பார்த்தேன். காலி. நானே மூடினேன். நானே ஓட்டினேன். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை.

5.18.

டிங்.

இந்த முறை கப்பைத் திறக்கவே கை வரவில்லை. திறந்தேன். ஒரு நட்டு. அதற்குள்ளே ஒடிந்த போல்ட்டின் துண்டு. கோணலாக இறுகிக் கிடந்தது.

அதை எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஏறி நின்று முறுக்கிய நட்டு அது. போலீஸ் எடுத்துக்கொண்டு போன உடைசலோடு இருக்க வேண்டியது. என் உள்ளங்கையில் இருந்தது. சூடாக இருந்தது.

அன்று ராத்திரி அன்னா என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அப்போதும் பொய்தான்.

வியாழக்கிழமை. மேம்பாலம். 5.18.

சத்தம் இல்லை.

5.19. சத்தம் இல்லை. பாலம் இறங்கி, ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. யாரோ அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

கிர்ரக்...

ஸ்பானர் சத்தம்.

கிர்ரக்... கிர்ரக்...

கதவைத் திறக்கக் கை போகவில்லை. ஜெபம் சொல்லப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

நாலு...

அஞ்சு...

ஆறு.

அமைதி.

அப்புறம் ஒரு வாசனை. மூடிய கண்ணாடிக்குள்ளே.

நெயில் பாலிஷ்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. இறங்கிப் பார்த்தபோது மணி 5.31. ரோட்டில் ஆள் இல்லை. வீல் கப் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாத்தி வைத்திருந்தது. ஆறு நட்டிலும் ஆறு சிவப்புக் கோடு. தொட்டேன்.

ஈரம்.

ஜனக்புரி போய்ச் சேர்ந்தபோது 5.50. ஸ்டாப்பில் மதினி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. நான் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"மதினி... அன்னிக்கு வண்டி சரியில்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அண்ணாச்சிகிட்ட..."

முடிக்க முடியவில்லை. அழுதேன். மதினி அழவில்லை.

"தெரியும் தம்பி."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னிக்கு 5.18க்குப் போன் பண்ணாரு. நான் கெளம்பிட்டனான்னு கேக்க. 'டிங் டிங்னு என்னமோ சத்தம் வருது அல்போன்சா, நிறுத்திப் பாக்கட்டா'ன்னாரு. ஒடனே அவரே, 'வேண்டாம், ஞானம் நல்லாருக்குன்னு சொல்லிருக்கான்'னுட்டாரு."

பூமி பிளந்து விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

"ஏன் மதினி விசாரணையில சொல்லல?"

"புருஷனுக்காகப் பேசுதான்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் அவரு பேரு திரும்பும். நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு தெனமும் ஒங்க முதுகப் பாத்துக்கிட்டே வாரேன்."

நான் முகத்தைத் துடைத்தேன். மதினி சட்டென்று என் கையைப் பிடித்தார். ஆட்காட்டி விரலில் சிவப்பு.

"இது எங்க ஒட்டிச்சு?"

சக்கரத்தைக் காட்டினேன். மதினி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அடக்கத்தன்னிக்கு அந்த பாட்டில அவரு சட்டைப் பாக்கெட்ல வெச்சுத்தான் பெட்டிய மூடுனேன்."

அன்று பத்து மணிக்கே ஆபீஸில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி மேல் தப்பில்லை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். போலீஸ் கேஸ் நடக்கிறது. நடக்கட்டும். அந்த மூன்று நட்டையும் அவர்களிடமே கொடுத்துவிட்டேன். கேன்டீனில் கூட இருந்தவர்கள் இப்போது ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது நியாயம்தான்.

உண்மையைச் சொன்னதும் எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

என் ரூட்டுக்கு இப்போது பாலசுப்ரமணியம் என்று ஒரு டிரைவர். சேலத்துக்காரர். அவருக்கு அண்ணாச்சியைத் தெரியாது, கோட்டு விஷயமும் தெரியாது. போன வாரம் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். காலையில வண்டி எடுக்கப் போனா, சக்கர நட்டுல எல்லாம் செவப்புக் கோடு. ஈரமா இருக்கு. ஒர்க் ஷாப்புல கேட்டா யாரும் போடலங்கிறாங்க."

"தினமுமா?"

"தினமும் இல்லண்ணா. நடுவுல நாலு நாள் இல்ல."

எந்த நாலு நாள் என்று கேட்டேன். தேதி சொன்னார். போனை வைத்துவிட்டு, அதே வேனில் வருகிற ப்ரீதா சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

அந்த நாலு நாளும் அல்போன்சா மதினி லீவு.